தினமும் வேதம் வாசிக்கும் பழக்கம்: தொடங்கவும், விட்டுப்போனால் திரும்பி வரவும் ஒரு முழுமையான வழிகாட்டி

புது வருஷம் பிறந்ததும் ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தைத் திறக்கிறோம். படைப்பு, நோவா, ஆபிரகாம், யோசேப்பு என்று கதை நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. யாத்திராகமத்தில் செங்கடல் பிளக்கிறது, சீனாய் மலை புகைகிறது. அப்புறம் 25-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்குகின்றன. எத்தனை முழம் நீளம், எத்தனை கொக்கிகள், எந்த நிறத்தில் திரை. லேவியராகமத்துக்கு வந்து சேரும்போது ஜனவரி முடிந்துகொண்டிருக்கும். அங்கே ஒரு நாள் விடுபடும். மறுநாள் இரண்டு நாள் பங்கையும் சேர்த்து வாசித்துவிடலாம் என்று நினைப்போம், அதுவும் நடக்காது. ஒரு வாரம் போனால் பாக்கி இருபது அதிகாரத்தைத் தாண்டிவிடும். அதன்பின் மேஜையில் இருக்கும் வேதாகமத்தைப் பார்த்தாலே மனசு உறுத்தும். உறுத்துவதால் திறக்கவே தோன்றாது.

இப்படி நின்றுபோகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வேதத்தை உண்மையாகவே நேசிக்கிறவர்கள். அவர்களை வீழ்த்துவது பாக்கிக் கணக்குதான். அதனால் இந்த வழிகாட்டியில் தொடங்குவதைப் பற்றி எவ்வளவு சொல்கிறேனோ, அதே அளவுக்கு விட்டுப்போன பிறகு திரும்பி வருவதைப் பற்றியும் சொல்லப்போகிறேன். பழக்கம் நிலைப்பது திரும்பி வரத் தெரிந்திருப்பதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

படி 1: அளவைச் சின்னதாக வையுங்கள்

முதலில் எதன் முன்னால் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. பழைய ஏற்பாட்டில் 39 புத்தகங்கள், 929 அதிகாரங்கள். புதிய ஏற்பாட்டில் 27 புத்தகங்கள், 260 அதிகாரங்கள். மொத்தம் 1,189 அதிகாரங்கள். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் புத்தகங்கள் 73 என்பதால் அதிகாரங்களும் கூடும். ஒரே வருஷத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்க வேண்டுமென்றால் தினமும் மூன்று அல்லது நான்கு அதிகாரங்கள், ஒரு நாள்கூட விடாமல் வாசிக்க வேண்டும். ஏற்கெனவே பழகியவருக்கு இது நல்ல அளவு. இப்போதுதான் தொடங்குகிறவருக்கோ, பலமுறை நின்றுபோனவருக்கோ இதை நான் சொல்ல மாட்டேன்.

அவர்களுக்கு நான் சொல்வது ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், வாரத்தில் ஐந்து நாள். அது குறைவு என்று தோன்றலாம். 52 வாரங்களை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்: 260. புதிய ஏற்பாடு முழுவதும் ஒரு வருஷத்தில் முடிந்துவிடுகிறது, வாரத்துக்கு இரண்டு நாள் மீதியும் இருக்கிறது. அந்த இரண்டு நாளில் ஒன்று சபைக்குப் போகும் நாளாக இருக்கட்டும், இன்னொன்று எதிர்பாராமல் கைவிட்டுப்போகும் நாளுக்கு ஈடாக இருக்கட்டும்.

அதிகாரங்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. 117-ஆம் சங்கீதத்தில் இரண்டே வசனங்கள், இரண்டு சங்கீதம் தாண்டினால் 119-இல் 176 வசனங்கள். அதனால் பெரிய அதிகாரம் வரும் நாளில் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளத் தயங்காதீர்கள். பத்து நிமிஷம் என்று நேரத்தை அளவாக வைத்துக்கொண்டாலும் சரி.

இதோடு இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்து வையுங்கள்: மிகவும் மோசமான நாளுக்கான அளவு. உடம்பு சரியில்லாத நாள், பயணத்தில் இருக்கும் நாள், வீட்டில் ஏதோ பிரச்சினையான நாள். அன்றைக்கு ஐந்து வசனமோ ஒரு சின்னச் சங்கீதமோ போதும். அந்த அளவை முன்கூட்டியே தீர்மானித்து வைத்தால், "இன்றைக்கு முழு அதிகாரம் முடியாது, அதனால் ஒன்றுமே வேண்டாம்" என்ற யோசனைக்கு இடமே இருக்காது.

படி 2: ஒரு வேதாகமத்தைத் தெரிந்தெடுங்கள்

எந்த மொழிபெயர்ப்பு என்று நீண்ட நாள் ஆராய வேண்டாம். நம்மில் பலருக்குப் பழைய திருப்புதல் என்கிற பழைய நடை மொழிபெயர்ப்புதான் காதில் ஊறியது. மனப்பாட வசனங்கள் எல்லாம் அந்த நடையிலேயே உள்ளே பதிந்திருக்கின்றன. ஆனால் ஒரு பத்தியை வாசித்து முடித்தும் என்ன சொல்கிறது என்று பிடிபடவில்லையென்றால், எளிய தமிழில் வந்திருக்கும் மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்க்கதரிசன நூல்களிலும் பவுலின் நிருபங்களிலும் அது பெரிய உதவி. ஒன்று முதன்மை, ஒன்று துணை. நான்கைந்து மொழிபெயர்ப்புகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும்.

அன்றாட வாசிப்புக்கு அச்சுப் புத்தகமே நல்லது என்பது என் கருத்து. போனில் வேதாகமச் செயலியைத் திறக்கப் போனவர் வாட்ஸ்அப் செய்தியில் இறங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. போன்தான் வசதி என்றால் இணைப்புகளை அணைக்கும் ஏர்பிளேன் மோடுக்கு மாற்றிவிட்டு வாசியுங்கள். அடிக்குறிப்பும் விளக்கவுரையும் உள்ள வேதாகமம் வைத்திருப்பவர்கள் முதலில் வசனப் பகுதியை முழுவதும் வாசித்துவிட்டு, அப்புறம் விளக்கத்துக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். விளக்கத்தை முதலில் வாசித்தால் வசனத்தில் அதை மட்டும்தான் பார்ப்போம்.

படி 3: நேரத்தை ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு கட்டுங்கள்

அதிகாலையில் வாசிப்பதுதான் பக்தி என்று சிலர் மனதில் பதிந்திருக்கிறது. "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" இயேசு ஜெபிக்கப் போனதாக மாற்கு 1:35 சொல்கிறது, உண்மை. அதே வேதத்தில் ஈசாக்கு தியானம்பண்ணச் சாயங்காலத்தில் வெளியே போகிறார் (ஆதியாகமம் 24:63). தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிடுகிறார். 63-ஆம் சங்கீதத்தில் தாவீது இராச்சாமங்களில், படுக்கையின்மேல் தேவனைத் தியானிக்கிறார். காலை நல்லது, ஏனென்றால் நாள் நம்மை இழுப்பதற்கு முன்னால் கிடைக்கிற நேரம் அது. ஆனால் கைக்குழந்தை உள்ள தாய்க்கும் இரவு வேலைக்குப் போகிறவருக்கும் அதிகாலை என்பது தூக்கம் கிடைக்கிற ஒரே நேரமாக இருக்கலாம். அவர்கள் வேறு நேரத்தை எடுத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

எந்த நேரம் என்பதைவிட, அது எதற்குப் பிறகு என்பதுதான் முக்கியம். "நாளைமுதல் தினமும் வாசிப்பேன்" என்பது ஆசை. "பல் துலக்கி முடித்ததும், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மாற்கு மூன்றாம் அதிகாரம் வாசிப்பேன்" என்பது திட்டம். எப்போது, எங்கே, என்ன என்று இப்படி முன்கூட்டியே குறித்து வைப்பவர்கள் நினைத்ததைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் பேராசிரியர் 1990-களிலிருந்து செய்த ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

எனவே ஒரு வாக்கியம் எழுதுங்கள். தினமும் தவறாமல் செய்கிற ஒரு காரியம், அதற்குப் பிறகு உட்காரும் இடம், திறக்கும் புத்தகம் மூன்றும் அதில் இருக்கட்டும். வேதாகமமும் பேனாவும் அந்த இடத்திலேயே கிடக்கட்டும். முந்தின இரவே அடையாள நாடாவை நாளைக்கு வாசிக்கும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். காலையில் உட்கார்ந்துகொண்டு "இன்றைக்கு எதை வாசிக்கலாம்" என்று பக்கங்களைப் புரட்டுகிற அந்த இரண்டு நிமிஷம்தான் பல பேரின் பழக்கத்தைத் தின்றுவிடுகிறது.

படி 4: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நேராகப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேதாகமம் பல நூல்கள் சேர்ந்த தொகுப்பு. அதன் வரிசை முழுக்கக் கால வரிசையும் அல்ல. நான் சொல்லும் வழி இது.

முதலில் மாற்கு. 16 அதிகாரம், வேகமாக நகரும் சுவிசேஷம், இயேசு யார் என்ற கேள்வியை ஆரம்பத்திலேயே முன்வைக்கிறது. அடுத்து பிலிப்பியர், பிறகு யாக்கோபு. இரண்டும் சேர்ந்து ஒன்பது அதிகாரம். இதோடு 25 ஆகிவிட்டது, வாரம் ஐந்து நாள் என்றால் ஐந்து வாரம். ஒரு புத்தகத்தை முடித்தோம் என்ற நிறைவு இந்த ஐந்து வாரத்துக்குள் மூன்று முறை கிடைக்கும். தொடக்கத்தில் அது மிகவும் தேவை.

இரண்டாவது கட்டம் ஆதியாகமம் முழுவதும், யாத்திராகமம் 1 முதல் 20 வரை, ரூத், யோனா. ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம், எகிப்திலிருந்து விடுதலை, பத்துக் கட்டளைகள் ஆகிய மூன்றும் தெரிந்தால் மீதி வேதத்தில் பாதி விளங்கத் தொடங்கும். மூன்றாவது கட்டம் லூக்காவும் அப்போஸ்தலர் நடபடிகளும். ஒரே ஆசிரியர் ஒரே ஆளுக்கு எழுதிய இரண்டு பாகங்கள் அவை. அடுத்தடுத்து வாசித்தால்தான் அதன் சுவை தெரியும். எல்லாம் சேர்த்து 155 அதிகாரம். வாரம் ஐந்து நாள் என்றால் ஏழு மாதம் வரும்.

சங்கீதங்களை இந்த வரிசைக்கு வெளியே வையுங்கள். மோசமான நாளுக்கான அளவு என்று சொன்னேன் அல்லவா, அதற்கும், படுக்கப் போகும் முன்னும் அவை இருக்கட்டும். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஓர் அதிகாரம் என்று பலர் வாசிக்கிறார்கள். அதுவும் நல்ல வழக்கம், ஏனென்றால் ஒரு நாள் விட்டுப்போனால் அன்றைய தேதிக்கு உரியதைத் திறந்தால் போதும், பாக்கி எதுவும் சேராது.

படி 5: உட்கார்ந்த பிறகு என்ன செய்வது

இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன். வாசிப்பு சலித்துப்போவதற்குப் பெரிய காரணம், கண் ஓடுகிறது, மனசு எதிலும் நிற்பதில்லை.

ஒரு சின்ன ஜெபத்தோடு தொடங்குங்கள். வார்த்தை வரவில்லையென்றால் சங்கீதம் 119:18 இருக்கிறது: "உம்முடைய வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்." பிறகு பகுதியை ஒரு முறை வாய்விட்டு வாசியுங்கள். சத்தமாக வாசிக்கும்போது வேகம் தானாகக் குறையும், மனசு அலைந்தால் உடனே தெரிந்துவிடும். இரண்டாவது முறை மௌனமாக, கையில் பேனாவோடு.

ஓர் உதாரணம் பார்ப்போம். மாற்கு 4:35 முதல் 41 வரை. நமக்கு நன்றாகத் தெரிந்த பகுதி, புயலை அடக்கிய கதை. தெரிந்த கதை என்பதாலேயே கண் ஓடிவிடும். அதனால் முதல் கேள்வி: இங்கே என்ன எழுதியிருக்கிறது? 35-ஆம் வசனத்தில் "அக்கரைக்குப் போவோம் வாருங்கள்" என்று அழைத்ததே இயேசுதான். அவர் சொல்லித்தான் படகில் ஏறினார்கள், அந்தப் பயணத்தில்தான் புயல் வந்தது. 36-இல் வேறு படகுகளும் கூட வந்தன என்று ஒரு வரி இருக்கிறது. 38-இல் அவர் தலையணை வைத்துத் தூங்குகிறார். இதே சம்பவத்தை மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள், தலையணை அவர்களிடம் இல்லை.

இரண்டாவது கேள்வி: இதில் யார் என்ன கேட்கிறார்கள்? சீஷர்கள் "உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள். காற்று நின்ற பிறகு இயேசு "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்?" என்கிறார். கடைசியில் சீஷர்கள் "இவர் யாரோ" என்கிறார்கள். இப்போது பாருங்கள், புயல் அடித்தபோது பயந்தார்கள், சரி. ஆனால் 41-ஆம் வசனம் கடல் அமைதியான பிறகு அவர்கள் மிகவும் பயந்ததாகச் சொல்கிறது. ஆபத்து போன பிறகு எதற்குப் பயம்? அதுவரை தங்களோடு படகில் இருந்தவரைத் தங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தார்கள்.

மூன்றாவது கேள்வி: இது என்னிடம் என்ன கேட்கிறது? இங்கே அவசரப்பட வேண்டாம். "என் வாழ்க்கைப் புயலையும் அவர் அடக்குவார்" என்று உடனே தாவுவது எளிது. ஆனால் பகுதியே நம் முன்னால் வைத்திருக்கும் கேள்வி "உமக்குக் கவலையில்லையா" என்பதுதான். அதை நான் தேவனிடம் எந்தக் காரியத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று யோசித்தால், ஜெபம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நோட்டில் இவ்வளவு எழுதினால் போதும்:

மாற்கு 4:35–41. அவரே அழைத்த பயணத்தில் புயல். அமைதிக்குப் பிறகு அதிகப் பயம், ஏன்? நான் கவலைப்படும் அந்தக் காரியத்தில் "உமக்குக் கவலையில்லையா" என்றுதான் நானும் கேட்கிறேன். ஆண்டவரே, நீர் யார் என்று காட்டும்.

நான்கு வரி. பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தால் அது இரண்டு வாரம்கூடத் தாங்காது. எழுத ஒன்றும் தோன்றாத நாளில் மனதில் நின்ற ஒரு வசனத்தை அப்படியே கையால் எழுதி மூடிவிடுங்கள். அதே வசனத்தைப் பகலில் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். முதலாம் சங்கீதம் சொல்லும் "இரவும் பகலும்" என்கிற தியானத்துக்கு அன்றாட வாழ்க்கையில் இதுதான் நடைமுறை.

படி 6: கடினமான இடங்களைக் கடப்பது

அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறார். "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா" என்று பிலிப்பு கேட்கிறார். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்கிறார் அவர். வேதம் அந்த மந்திரியைக் குறை சொல்லவில்லை. விளங்காமல் வாசிப்பது வெட்கப்படும் காரியம் இல்லை. விளங்கவில்லை என்பதால் மூடிவைப்பதுதான் நஷ்டம். பக்க ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். அந்தக் கேள்விகளைச் சேர்த்து வைத்துப் போதகரிடமோ வேதம் நன்றாகத் தெரிந்த மூத்த விசுவாசியிடமோ கேளுங்கள்.

லேவியராகமத்தை முதல் சுற்றில் முழுவதும் வாசிக்காவிட்டால் பரவாயில்லை என்பேன். 16-ஆம் அதிகாரம் (பாவநிவாரண நாள்), 19-ஆம் அதிகாரம் (உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனில் அன்புகூரு என்ற கட்டளை இங்கேதான் இருக்கிறது), 25-ஆம் அதிகாரம் (யூபிலி வருஷம்) மூன்றையும் வாசித்துவிட்டு, எபிரெயர் 9, 10 அதிகாரங்களுக்குப் போங்கள். அங்கிருந்து திரும்பி வந்தால் பலிகளின் சட்டங்கள் வேறு வெளிச்சத்தில் தெரியும். வம்ச அட்டவணைகளை வேகமாகக் கடக்கலாம், ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கடங்கள். எண்ணாகமம் 26-இல் நீண்ட பெயர்ப்பட்டியலின் நடுவில் மகன்கள் இல்லாத ஒருவருடைய ஐந்து மகள்களின் பெயர்கள் வருகின்றன. அடுத்த அதிகாரத்தில் அதே பெண்கள் மோசேயின் முன் நின்று தகப்பனின் சுதந்தரத்தைக் கேட்கிறார்கள், கர்த்தர் அவர்கள் கேட்பது சரி என்கிறார்.

தனி வசனமாகப் பிடுங்கி எடுப்பதில் கவனம் தேவை. "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வசனம் பலருக்கு வாக்குத்தத்தமாக மனப்பாடம். அது யோபு 8:7. சொல்கிறவர் பில்தாத், யோபுவின் சிநேகிதர்களில் ஒருவர். அதே பேச்சில்தான் அவர் யோபுவின் பிள்ளைகள் பாவம் செய்ததால் மாண்டார்கள் என்கிற மாதிரி பேசி, நீ சுத்தமாயிருந்தால் உனக்கு நல்லது நடக்கும் என்கிறார். புத்தகத்தின் முடிவில், 42:7-இல், இந்தச் சிநேகிதர்கள் தம்மைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே கோபப்படுகிறார். அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டவரின் நம்பிக்கையைக் குலைக்க இதைச் சொல்லவில்லை. யோபுவின் கடைசி அதிகாரத்தில் தேவனே அவருக்குச் செய்ததைப் பற்றிக்கொள்ள இன்னும் உறுதியான இடம் இருக்கிறது. ஆனால் தொடர்ச்சியாக வாசிக்கும் பழக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் தொடர்ந்து வாசிக்கிறவர்தான் பார்ப்பார்.

அதிகாரப் பிரிவுகளையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். இன்றைய அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது, இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் செய்தது என்பார்கள். புதிய ஏற்பாட்டின் வசன எண்களை அச்சகக்காரர் ராபர்ட் எஸ்தியேன் 1551-இல் போட்டார். சில இடங்களில் கோடு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. ஏசாயா 53-ஐ வாசிக்கிறவர் 52:13-இல் தொடங்க வேண்டும். மாற்கு 8-ஐ வாசிக்கிறவர் 9:1 வரை போக வேண்டும்.

படி 7: விட்டுப்போன நாளும், விட்டுப்போன மாதமும்

விட்டுப்போகும். அது நடக்காதபடி ஒரு திட்டம் போட முடியாது. நடந்த மறுநாள் என்ன செய்வது என்பதைத்தான் திட்டமிட முடியும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 96 பேர் சாப்பாடு, குடிப்பது, உடற்பயிற்சி சார்ந்த ஒரு சின்னக் காரியத்தைத் தினமும் செய்து பழகினார்கள். அது தானாக நடக்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரியது: 18 நாள் முதல் 254 நாள் வரை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கேட்டுவிட்டு, நாற்பதாவது நாளிலும் கஷ்டமாக இருக்கிறதே என்று மனம் உடைகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

என் முதல் விதி: விட்டதைச் சேர்த்து வாசிக்காதீர்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த உணவான மன்னா தினம்தினம் பொறுக்கப்பட்டது. மறுநாளைக்கு என்று மீதி வைத்தது புழுத்தது, தவறவிட்ட நாளின் மன்னாவைத் தேடி மறுநாள் யாரும் வனாந்தரத்தில் அலையவில்லை. வேத வாசிப்பும் அப்படித்தான். இன்றைக்கு உரியதை இன்றைக்கு வாசியுங்கள். நாடா இருக்கும் பக்கத்தில் திறந்து அங்கிருந்து தொடருங்கள், அவ்வளவுதான்.

இதற்குத் தேதி போட்ட அட்டவணை இடம் கொடுக்காது. பிப்ரவரி 9 என்று அச்சிட்ட கட்டத்துக்கு முன்னால் பதினொரு வெற்றுக் கட்டங்கள் இருந்தால் எவருக்கும் சோர்வுதான். எனவே தேதி இல்லாத அட்டவணையைப் பயன்படுத்துங்கள். புத்தகத்தின் பெயரை எழுதி, அதிகாரத்துக்கு ஓர் எண் போட்டு, வாசித்ததும் அடித்துவிடுங்கள். மாற்குக்கு 16 எண். பதினாறும் அடிபட்டது ஐந்தாவது வாரமா, எட்டாவது வாரமா என்று அந்தத் தாள் கேட்காது. தொடர்ந்து இத்தனை நாள் வாசித்தீர்கள் என்று எண்ணிக்காட்டும் செயலிகளைப் பற்றியும் இதே எண்ணம்தான் எனக்கு. எண் ஏறும்போது உற்சாகம் தரும், பூஜ்யத்துக்கு விழும் நாளில் ஆளையே நிறுத்திவிடும். அந்த வசதியை அணைத்து வைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது விதி: அடுத்தடுத்து இரண்டு நாள் விடாமல் பாருங்கள். நேற்று விட்டிருந்தால் இன்றைக்கு அந்த மோசமான நாளின் அளவையாவது, ஐந்து வசனத்தையாவது, வாசித்துவிட்டுத்தான் படுப்பது என்று வையுங்கள்.

ஒரு மாதமோ ஒரு வருஷமோ விட்டுப்போனவர் என்ன செய்வது? விட்ட புத்தகத்திலேயே தொடர வேண்டும் என்று இல்லை. லேவியராகமத்தில் நின்றவர் மறுபடி லேவியராகமத்தைத் திறந்தால் மறுபடி அங்கேயே நிற்க வாய்ப்பு அதிகம். ஒரு சுவிசேஷத்துக்குப் போங்கள். முதல் வாரம் நோட்டு வேண்டாம், இரண்டு முறை வாசிக்கவும் வேண்டாம். உட்கார்ந்து ஒரு பகுதியை வாசித்துவிட்டு எழுந்தால் போதும். விட்டுப்போனதற்காகத் தேவனிடம் நீளமாக விளக்கம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. ஊதாரி மகன் தயார்செய்து வந்த பேச்சை முழுவதும் சொல்லி முடிக்கும் முன்னாலேயே தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். லூக்கா 15-இல் 18, 19 வசனங்களையும் 21-ஆம் வசனத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், கடைசி வரி சொல்லப்படாமலே நிற்கிறது.

படி 8: வறண்ட நாட்கள்

வாசிக்கிறோம், ஒன்றும் தொடவில்லை. இப்படி வாரக்கணக்கில் போவதும் உண்டு. முதலில் உடம்பைக் கவனியுங்கள். தூக்கம் குறைந்த உடம்புக்கு எந்தப் புத்தகமும் ஏறாது. அப்போது நேரத்தை மாற்றுவது நல்லது. அடுத்து, வாசிக்கும் புத்தகத்தை மாற்றிப் பாருங்கள். துக்கத்தில் இருக்கிறவருக்கு நீதிமொழிகள் கசக்கும், 13-ஆம் சங்கீதமோ 42-ஆம் சங்கீதமோ பேசும். 88-ஆம் சங்கீதம் ஆறுதலான முடிவு எதுவும் இல்லாமலே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்துக்கு வேதம் தன் பக்கங்களில் இடம் கொடுத்திருப்பதே சில நாட்களில் நம்மைத் தாங்கும்.

கண் சோர்ந்த நாளில் காதைப் பயன்படுத்துங்கள். ஒலி வேதாகமம் கேட்பது குறைந்தது என்று நினைக்க வேண்டாம். நெகேமியா 8-இல் எஸ்றா காலையிலிருந்து மத்தியானம் வரை வாசித்தார், ஜனங்கள் நின்று கேட்டார்கள். அச்சு வருவதற்கு முன்னால் விசுவாசிகளில் பெரும்பாலானவர்கள் வேதத்தைக் கேட்டே அறிந்தார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 1:3-இல்கூட வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர்.

படி 9: ஒரு துணை

தனி வாசிப்பு என்பதால் யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டும் என்று இல்லை. ஒரே புத்தகத்தை அதே வாரம் வாசிக்கும் ஒருவர் இருந்தால் போதும். தினமும் "வாசித்தாயா?" என்று கேட்டு நச்சரிக்கும் ஏற்பாடு வேண்டாம், அது பொய் சொல்ல வைக்கும். மனதில் நின்ற ஒரு வசனத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுங்கள், வாரத்துக்கு ஒருமுறை பேசுங்கள். கேள்விக்குறி போட்ட இடங்களை அங்கே எடுத்துப் பேசலாம். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள். பிரசங்கம் கேட்ட நாளில் அந்தப் பகுதியை வீட்டில் மறுபடி திறந்து பார்ப்பதும் உங்கள் வாசிப்புக் கணக்கில் சேரட்டும்.

முதல் சுற்று முடிந்தபின்

ஒரு புத்தகத்தின் கடைசி அதிகாரத்துக்கு வந்த நாளிலேயே அடுத்த புத்தகத்தைத் தீர்மானித்து நாடாவை அங்கே வைத்துவிடுங்கள். புத்தகத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவில் விழும் இடைவெளியில்தான் பல பழக்கங்கள் காணாமல் போகின்றன.

155 அதிகாரங்களையும் முடித்தவர், இப்போது கால் ஊன்றிவிட்டது என்று உணர்ந்தால், முழு வேதாகமத்துக்கான திட்டத்துக்குப் போகலாம். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன் தம் சபைக்காக 1842-இல் தயாரித்த அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தினம் நான்கு அதிகாரம் வாசித்தால் ஒரு வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறையும் முடியும். அந்த அட்டவணையைக் கொடுக்கும்போதே அதிலுள்ள ஆபத்துகளையும் அவர் எழுதி வைத்தார்: வெறும் சடங்காகிவிடலாம், சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓடலாம், சிலருக்குத் தாங்க முடியாத நுகமாகலாம். நான்கு அதிகாரம் அதிகம் என்றால் அதே அட்டவணையை இரண்டு அதிகாரமாகப் பிரித்து இரண்டு வருஷத்தில் முடிக்கலாம். அப்போது லேவியராகமம் மறுபடி எதிரே வரும். இந்த முறை எபிரெயரை ஏற்கெனவே வாசித்தவராக அதற்குள் போவீர்கள்.